ஐந்து துண்டும் ஆறு பேரும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, உன் மகள் மூவரும் சுகம். அங்கே உன் காலும், அந்தக் காலைப் பிடித்துவைத்திருக்கும் மாவுக்கட்டும், இரண்டுக்கும் பணிவிடை செய்துகொண்டிருக்கும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் கடைசி நிலவரம். இன்று காலை கிடைத்த தகவல்படி பையன் வீட்டார் நம் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் ஒரு குறை வைத்துச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு உன் மகள் வேலையை விடப்போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். தகவல் தந்தவர் பையனின் அம்மா. அவர் தொலைபேசியில் பேசியது என் மனைவியிடம்தான் என்றாலும், ஸ்பீக்கரைப் போடச் சொல்லி நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆகவே இது நான் காதால் கேட்டது, ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டது அல்ல.

உன் மகள் வேலையை விடப்போகிறாள் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. யாருமே சொல்லாத ஒன்று அவர்கள் வீடுவரைக்கும் எப்படிப் போனது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் அத்தான் நடுவில் புகுந்து முடிவை முதலில் சொல்லு என்பார், அதனால் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று நீயே கேட்டுக்கொண்டாய். முப்பது வருஷம் நிருபராக இருந்தவனுக்கு இது ஒரு பெரிய வேலை இல்லை. கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், காதால் கேட்டதைக் கேட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். என் கருத்து என்று எங்காவது வந்தால் அது என் மனைவியின் கருத்து என்று எடுத்துக்கொள்.

என்னிடம் நீ பார்த்துவரச் சொன்னவை மூன்று. பையன் தானாகப் பேசுகிறானா, அல்லது கேட்டதற்கெல்லாம் அவன் அம்மா பதில் சொல்கிறாளா என்பது ஒன்று. குடும்பம் சிரிக்கிற குடும்பமா என்பது இரண்டு. உன் மகளின் வேலையைப் பற்றி அவர்கள் எண்ணம் என்ன என்பது மூன்றாவது, இதுதான் முக்கியம் என்று நீ மூன்று தடவை சொன்னாய். எனக்கும் தெரியும். இதற்கு முன்னால் வந்த இடம் இதில்தான் முறிந்தது. பல் கட்டுகிற கூடத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து யாருக்கோ பொய்ப்பல் செதுக்குகிற வேலை ஒரு பெண்ணுக்கு எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். உன் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னொரு வீட்டில் இதே கேள்வி வந்தால் இனி யாரையும் பார்ப்பதாக இல்லை என்றும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அதில் உன்னைக் கொண்டிருக்கிறாள். இவை தவிர அத்தான் தனியாக ஃபோன் செய்து நாலாவதாக ஒன்று கேட்டார். பையன் மனசில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டுமாம். பிள்ளைகளே பார்த்து முடித்துக்கொள்கிற கல்யாணத்தைப் பற்றி அத்தான் என்ன நினைக்கிறார் என்பது உலகறிந்த விஷயம், அதை இங்கே திரும்ப எழுதவில்லை.

இனி சனிக்கிழமை மாலை. சாப்பிடப் போன இடம் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. இந்தக் கடையை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று விசாரித்ததில், அவர்கள் ஆசைப்பட்டார்கள் என்று நாங்கள் நினைத்துப் போனோம், நாங்கள் ஆசைப்பட்டோம் என்று நினைத்து அவர்கள் வந்திருந்தார்கள் என்று தெரியவந்தது. பெரியவர்கள் நால்வரில் ஒருவர்கூட ஆசைப்படவில்லை என்பது உறுதி. உன் மகளோடு வேலை பார்க்கும் பெண்தானே இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தாள், அவள் வழியாகத்தான் கடையின் பெயரும் இரண்டு வீட்டுக்கும் வந்திருக்கிறது. உள்ளே போனால் மின்சாரம் போன வீடுபோல ஒரே மங்கல். மேசை வட்டமாக, நாம் முறுக்கு ஆறவைக்கிற தாம்பாளத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதைச் சுற்றி ஆறு நாற்காலி. விலைப்பட்டியலில் இருந்த எழுத்து கண்ணில் படவில்லை. ஃபோனில் டார்ச்சைப் போட்டுப் படித்தேன்.

“ஏங்க, அதை அணைங்க, எல்லாரும் பார்க்கிறாங்க” என்றாள் என் மனைவி.

“இந்த இருட்டுல யாரு பார்க்க முடியும்?”

“இப்ப நீங்க லைட் போட்டுட்டீங்கல்ல, அதுல பார்க்கிறாங்க.”

பையனின் அப்பா வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் எந்தக் கேள்விக்கும் முழுதாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். “இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கேன்” என்றார். பையனின் அம்மா கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறார். எதைச் சொன்னாலும் பக்கத்து இருக்கையில் இருந்து பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு சொல்வதுபோலவே சொல்வார். பையன் லிஃப்ட் பரிசோதகன். இத்தனை பேர்தான் ஏறலாம் என்று ஒவ்வொரு லிஃப்ட்டுக்குள்ளும் ஒட்டியிருக்கிறதே, அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவன் வேலை. உட்காருமுன் மேசையை ஒரு தரம் அசைத்துப் பார்த்தான். நீ கேட்ட முதல் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பையன் தானாகவே பேசுகிறான். கேட்டதற்கு மட்டும் பேசுகிறான், கேட்டது முடிந்ததும் நிறுத்திவிடுகிறான். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு ஆள்கூட இருந்ததில்லை.

பரிமாறுகிறவர் நல்ல உயரம், குனிந்து மேசையின் காதில் சொல்வதுபோல விஷயத்தை விளக்கினார். “எங்க கிட்ட எல்லாமே சின்னத் தட்டுதான் சார். நடுவுல வைப்போம், எல்லாரும் பகிர்ந்து சாப்பிடலாம். எது முதல்ல தயாராகுதோ அது முதல்ல வரும்.”

“ஒரு ஆளுக்கு எத்தனை தட்டு?” என்று கேட்டேன்.

“அப்படிக் கணக்கெல்லாம் இல்ல சார். உங்க பசிதான்.”

“எங்களுக்கு அவ்வளவா பசி இல்ல” என்றார் பையனின் அம்மா.

“எங்களுக்கும் இல்லீங்க, சம்பந்தியம்மா” என்றாள் என் மனைவி. முடிவாகும்வரை அந்த வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தவள் அவள்தான். எல்லோரும் கேட்காததுபோல இருந்தார்கள். பசி இல்லை என்று இரண்டு தரப்பும் சொன்னது பொய். நம் வீட்டில் மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, வெளியே போய்ச் சாப்பிடப்போகிறோமே என்று வயிற்றில் இடம் வைத்திருந்தோம். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று இன்று காலை ஃபோனில் தெரிந்தது.

யார் என்ன சொல்வது என்று பெரியவர்கள் தயங்கிக்கொண்டிருக்கும்போது உன் மகளும் பையனும் பட்டியலைத் திறக்காமலேயே மாற்றி மாற்றி எட்டுத் தட்டு சொல்லி முடித்துவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வேகம் நமக்கு வராது அக்கா.

முதலில் வந்தது மீன் கட்லெட். சின்னச் சின்ன வட்டம், பக்கத்தில் வெள்ளரிக்காய் போட்ட இனிப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம். தட்டில் ஐந்து வட்டம் இருந்தது. மேசையில் ஆறு பேர் இருந்தோம். எல்லாத் துன்பமும் இங்கிருந்துதான் தொடங்கியது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் எண்ணினோம், ஆறு பேரும் எண்ணாததுபோல முகத்தை வைத்துக்கொண்டோம். “நீங்க எடுத்துக்குங்க, எனக்கு மீன் அவ்வளவா ஆகாது” என்றாள் என் மனைவி. மீனைக் கண்டால் அவள் என்ன ஆவாள் என்பது உனக்குத் தெரியும். உடனே பையனின் அம்மா, “எனக்கும் மதியம் சாப்பிட்டதே நெஞ்சுல நிக்குது” என்றார். இருவரும் விலகியதால் நாலு பேர் நாலு வட்டத்தை எடுத்தோம். ஒன்று மிஞ்சியது. அதை என் மனைவி பையனின் அம்மா பக்கம் நகர்த்தினாள். அவர் அதை உன் மகள் பக்கம் நகர்த்தினார். உன் மகள் பையனின் அப்பா பக்கம் நகர்த்தினாள். அவர் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “யாராவது சாப்பிட வாய்ப்பு இருக்கு” என்று சொல்லி நடுவில் வைத்துவிட்டார்.

பரிமாறுகிறவர் வந்து, “இதை எடுத்துக்கலாமா?” என்றார். “இருக்கட்டும், சாப்பிடுவாங்க” என்று என் மனைவியும் பையனின் அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் போய்விட்டார். அடுத்து குச்சியில் குத்திய கோழி வந்தது. அதிலும் ஐந்து. இந்தக் கடையில் எல்லாவற்றையும் ஐந்தாகத்தான் செய்வார்களாம், சமையற்கட்டில் பிறகு விசாரித்தேன், தட்டில் பார்க்க அழகாக இருக்குமாம். அதிலும் ஒன்று மிஞ்சியது. அடுத்து பப்பாளிக்காயைச் சீவி இடித்த ஒரு சாலட். இதில் துண்டு எண்ண முடியாது, தப்பித்தோம் என்று நினைத்தேன். கடைசியில் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி அளவுக்கு எல்லோருமாகச் சேர்ந்து மிச்சம் வைத்தோம். பிறகு காளான், அதிலும் ஒன்று. எந்தத் தட்டும் காலியாகவில்லை, ஆகவே எந்தத் தட்டையும் எடுத்துப்போக விடவில்லை. மேசை தாம்பாளம் அளவு என்று சொன்னேன் அல்லவா. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்க் குவளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்த நெருக்கடியில்தான் இலை வந்தது. வட்டமாக அடுக்கிய ஐந்து பச்சை இலை, நடுவில் வறுத்த வேர்க்கடலை, தேங்காய், இஞ்சி, எலுமிச்சை எல்லாம் பொடிப்பொடியாக, ஒரு பாகு. இலையில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து மடித்து அப்படியே வாயில் போட வேண்டும். என் மனைவி இலையைத் தனியாக வைத்துவிட்டுக் கடலையைப் பொறுக்க ஆரம்பித்தாள். பையனின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார்.

“அப்படி இல்ல. இடது கையில பிடிங்க. கீழ்ப்பக்கம் மடக்குங்க. மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல. இப்ப இந்தப் பக்கம் திருப்புங்க. நேராப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க. இப்ப வாயில விடுங்க. பாதியில நிறுத்தாதீங்க, நிறுத்துனா எல்லாம் கொட்டிடும்.”

என் மனைவியினுடையது கொட்டிவிட்டது. உன் மகள் சொன்னபடி செய்து முழு இலையையும் வாயில் போட்டுக்கொண்டாள். சரியாக அந்த நொடியில், சொல்லிக்கொடுத்த மகிழ்ச்சியில் இருந்த பையனின் அம்மா அவளைப் பார்த்து, “ஏம்மா, கல்யாணம் ஆனா வேலையை விட்டுடறதா இருக்கியா?” என்று கேட்டார்.

அக்கா, நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அந்த இலைக்குள் பச்சை மிளகாய்த் துண்டு ஒன்று இருந்தது. விரல் நகம் அளவுதான், ஆனால் அதன் குணம் வேறு. உன் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயைத் திறக்க முடியாது, திறந்தால் எல்லாம் வெளியே வரும். தலை கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது, மறுபடி மேலே வந்தது. இதைப் பார்த்த எவரும் தலையாட்டினாள் என்றுதான் சொல்வார்கள்.

“ஓ” என்றார் பையனின் அம்மா.

குறுக்கே எதையாவது சொல்லித் திசை மாற்றுங்கள் என்று மேசைக்கு அடியில் என் மனைவி என் காலை உதைத்தாள். உதை போய்ச் சேர்ந்தது பையனின் அப்பாவுக்கு. அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, “ஏதோ நகருது” என்றார். நான் பேசியிருக்கலாம். ஆனால் செய்திக்குள் நிருபர் தலையிடக் கூடாது என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். உன் மகள் தண்ணீர் குடித்து, மூக்கை உறிஞ்சி, மனுஷியாகி நிமிர்ந்தபோது பரிமாறுகிறவர் கையில் இரண்டு தட்டோடு நின்றிருந்தார். பேச்சு அந்தத் தட்டுகளை எங்கே வைப்பது என்பதற்குப் போய்விட்டது. கேள்வி கேட்டவர் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். பதில் சொல்ல வேண்டியவள், மறுபடி கேட்கவில்லையே, இவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லைபோல என்று நினைத்தாள். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர் பேசாமல் உட்கார்ந்தால் அந்த வண்டியில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? எங்களுக்கு அப்படி இருந்தது.

பையனின் அப்பாவுக்கு வேறு கவலை. அவர் சோற்றுக்காகக் காத்திருந்தார். மூடிபோட்ட சின்னக் கூடையில் வைத்துத் தரும் ஒட்டுகிற அரிசிச் சோறு, நம் எட்டில் அதுவும் ஒன்று. பக்கத்து மேசைக்கு அந்தக் கூடை வந்து இறங்குவதை அவர் மழை மேகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நம்ம பக்கம் வருமா?” என்று பையனைக் கேட்டார். “இடம் இல்லப்பா” என்றான் அவன்.

அப்போது சமையற்கட்டுக் கதவு திறந்து சமையற்காரரே வெளியே வந்தார். குள்ளமான ஒரு அம்மா, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நேராக எங்களிடம் வந்தார்.

“சாப்பாட்டுல ஏதாவது குறையா?” என்று கேட்டார்.

“ஐயோ, ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள் என் மனைவி.

“அப்புறம் ஏன் ஒவ்வொரு தட்டுலயும் ஒண்ணு கிடக்குது? இருபது நிமிஷமா சோறு உள்ள ஆறிட்டிருக்கு. வைக்க இடமில்லன்னு தம்பி திரும்பத் திரும்ப வந்து நிக்குறான்.”

“அவங்க சாப்பிடட்டும்னு விட்டோம்” என்றார் பையனின் அம்மா.

“நாங்க அவங்களுக்குன்னு விட்டோம்” என்றாள் என் மனைவி.

சமையற்கார அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நான் யாருக்குச் சமைச்சேன்?”

உன் மகள் எழுந்து அந்தப் பக்கத் தட்டுகளில் கிடந்த மிச்சத்தையெல்லாம் கரண்டியால் எடுத்து ஒரே தட்டில் போடத் தொடங்கினாள். பையன் இந்தப் பக்கத்திலிருந்து அதையே செய்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் காலித் தட்டுகளை அடுக்கினான், இவள் மேலே கரண்டிகளை வைத்தாள், நெட்டை மனிதர் அள்ளிக்கொண்டு போனார். ஒரு நிமிஷத்தில் மேசை தெரிந்தது. மிச்சம் எல்லாம் சேர்ந்த அந்த ஒற்றைத் தட்டைச் சமையற்கார அம்மா பையனின் அப்பாவுக்கு முன்னால் வைத்து, “இதை முடிச்சாத்தான் சோறு” என்றார். அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “சாப்பிட்டுடலாம்னு தோணுது” என்று சொல்லி, மீனையும் கோழியையும் காளானையும் மீதி இலையையும் வரிசையாக முடித்தார். வானிலை அலுவலகத்தில் இருந்த ஒருவர் இவ்வளவு தெளிவாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு சோறு வந்தது. கூடையைத் திறந்தால் ஒரு பிடி. ஒரு பிடியை ஆறு பேர் பகிர்ந்தோம்.

நீ கேட்ட இரண்டாவது கேள்விக்கு: சிரிக்கிற குடும்பம்தான். சமையற்கார அம்மா உள்ளே போனதும் பையன் முதலில் சிரித்தான், பிறகு அவன் அப்பா. அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் விடைபெறும்போது, “சொல்லி அனுப்புறோம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தானின் கேள்விக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். பையன் மனசில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. உன் மகளை அவன் நேருக்கு நேர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு கூச்சம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் டாக்சிக்குள் சண்டை.

“ஏண்டி அப்படித் தலையை ஆட்டின?” என்று கேட்டாள் என் மனைவி. “வேலையை விட மாட்டேன்னு எங்ககிட்ட மட்டும் வீரமாப் பேசுற. அந்தம்மா கேட்டதும் சரி சரின்னு ஆட்டிட்டு வர்ற.”

“நான் எங்க அத்தை ஆட்டினேன்?”

“நான் பார்த்தேன். உங்க மாமாவும் பார்த்தாரு.”

பார்த்தேன் என்று உறுதிசெய்தேன்.

“அது மிளகாய்க்கு ஆட்டினது. கேள்விக்கு இல்ல. எனக்குக் காதே அடைச்சுப்போச்சு.”

“போச்சு. அந்தம்மா மனசு நிறைஞ்சு போயிருக்கும். வேலையை விடற மருமக கிடைச்சுட்டான்னு.”

உன் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மூவரும் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டோம். அவள் தன்னுடையதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன், அறைக்குள் ரொம்ப நேரம் விளக்கு எரிந்தது. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்த இடமும் போனது என்றுதான் நானும் நினைத்தேன்.

இன்று காலைதான் அந்த ஃபோன். பையனின் அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். “எங்க மூணு பேருக்கும் சம்மதம். ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு ஒப்பல. பொண்ணு வேலையை விடறேன்னு தலையாட்டுச்சு. நான் நாளெல்லாம் அடுத்தவங்க பிரேக்கை மிதிச்சுத்தான் இந்தக் குடும்பத்தை ஓட்டினேன். கைத்தொழில் தெரிஞ்ச பொண்ணு, வேலையை விடற எண்ணத்தோட எங்க வீட்டுக்கு வர வேண்டாம். அதைப் பேசிட்டுச் சொல்லுங்க.”

“ஐயோ, அது மிளகாய்ங்க” என்றாள் என் மனைவி.

“எது?”

“தலை ஆட்டினது.”

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். சனிக்கிழமை வராத அவருடைய சிரிப்பு இதுதான். சிரித்து முடித்து, “ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. எங்க வீட்டுல இவரு, ‘தெளிய வாய்ப்பு இருக்கு’ன்னு சொல்லிட்டே இருந்தாரு” என்றார். வரும் ஞாயிறு மத்தியானம் மூவரும் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். ஆளுக்கு ஒரு தட்டு, நடுவில் எதுவும் இல்லை என்று என் மனைவியும் அவரும் ஃபோனிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

என் பரிந்துரை, இந்த இடத்தை விட வேண்டாம். இன்னும் வர வேண்டியவை: உன் சம்மதம், அத்தானின் சம்மதம், உன் மகளின் சம்மதம். பையனுக்குச் சம்மதம் என்று அவன் அம்மா சொன்னது உண்மை, ஆனால் அதை நான் பையனிடம் நேரில் உறுதி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் காலுக்கு ஆசி சொல்லும் வயது எனக்கு வரவில்லை, என் சார்பில் நீயே அதைத் தடவிக்கொடுத்து நாலு நல்ல வார்த்தை சொல். எங்கள் எல்லோருக்கும் உன் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை மடிக்குமுன் உன் மகள் வேலையிலிருந்து வந்துவிட்டாள். தன்னைப் பற்றிய செய்தி என்பதால் வெளியே போகுமுன் படித்துப் பார்க்க வேண்டும் என்றாள். நான் பணியில் இருந்தவரை மந்திரிக்குக்கூட அப்படிக் காட்டியதில்லை. அவள் என் கையில் காப்பியைத் திணித்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டாள். நின்றபடியே கடைசிவரை படித்தாள்.

“இந்த ஒரு வரியை மட்டும் மாத்திடுங்க மாமா.”

“எந்த வரி?”

“பையனிடம் நேரில் உறுதி செய்யவில்லைன்னு இருக்கே, அது. நான் உறுதி பண்ணிட்டேன்.”

“எப்போ?”

“போன வருஷம்.”

காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். இவள் வேலை பார்க்கும் கட்டடத்து லிஃப்ட்டைப் பரிசோதிக்க அவன் வந்தபோது, செய்து முடித்த பல் வரிசைகள் அடுக்கிய தட்டோடு இவள் உள்ளே இருந்திருக்கிறாள், லிஃப்ட் நடுவழியில் நின்றிருக்கிறது. அது முதற்கொண்டு வாரம் ஒரு தடவை அந்தத் தாய்லாந்துக் கடைதான். இரண்டு பேருக்கு ஐந்து துண்டு தாராளமாம். நேரே வந்து சொன்னால் அத்தான் குதிப்பார், நாம் எல்லோரும் பார்த்து முடித்தால் சந்தோஷப்படுவார் என்று கணக்குப் போட்டு, கூட வேலை பார்க்கும் பெண்ணைத் தூது விட்டு, நம் எல்லோரையும் அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். அவள் வேலையை விடமாட்டாள் என்று பையனுக்கு ஆதியிலிருந்தே தெரியும். ஆனால் அம்மாவிடம் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாரே என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். இவள் அறையில் விளக்கு எரிந்தது அதற்காகத்தான், இரண்டு பேரும் என்ன செய்வது என்று ஃபோனில் புலம்பியிருக்கிறார்கள்.

இனிமேல் மறைக்க முடியாது என்று முடிவுசெய்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் இருவருமே எல்லோருக்கும் சொல்லப்போகிறார்கள், பிறகு உங்களுக்கு ஃபோன் செய்வார்கள். சாப்பிடுமுன்னே சொல்லிவிடலாமே என்றேன். “பசியில இருக்கிறவங்ககிட்ட சொல்லக்கூடாது மாமா” என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் மிளகாய், சோறு, தட்டு நீங்கலாக எதையும் நம்ப வேண்டாம். அத்தானின் கேள்விக்கு நான் எழுதிய பதிலைக் குறிப்பாக நம்ப வேண்டாம். இப்படி ஆனால் முழுவதையும் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதுவதுதான் முறை. எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன், கை வலிக்கிறது. உறுதியான செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை. கூரியர் சனிக்கிழமை வரும், அத்தான் வாங்குமுன் நீ வாங்கிக்கொள். ஞாயிறு மாலை ஃபோன் வந்ததும் “அப்படியா” என்று ஒரு தரம் சொல், அதற்குமேல் வேண்டாம், உனக்கு நடிப்பு வராது. உன் மகளுக்குச் சம்மதம், உறுதி. பையனுக்குச் சம்மதம், உறுதி. பையனின் அம்மா தன் வாயாலேயே சொல்லிவிட்டார். பையனின் அப்பாவுக்கு வாய்ப்பு உண்டு. உன் சம்மதத்தைக் கேட்காமலே நான் எழுதிக்கொண்டேன். அத்தானின் பதில் மட்டும் இன்னும் வரவில்லை, ஞாயிறு மாலை எதிர்பார்க்கப்படுகிறது.